பச்சை உடைக்கு ஜிப் வைத்தது யார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கால்சட்டையோடு சேர்ந்து கிடைத்தது. ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சலவைக் கடையை ஒட்டி, உடைகளைப் பிரித்து அளவு திருத்தித் தரும் சின்னக் கடை இருக்கிறது. போன வருடம் வாங்கிய என் கால்சட்டை இந்த வருடம் சுருங்கிவிட்டிருந்தது. [சாப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. துணியைத்தான் சொல்வேன்.] கடைக்காரர் டோரிஸ் என்னை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, தன் மகள் ஷர்மைன் கலந்துகொண்ட தையல் போட்டியைப் பற்றிச் சொன்னார். குண்டூசிகளால் பாதிதான் விளங்கியது. விளங்காத பாதியை நானே எழுதிக்கொண்டேன். எது எந்தப் பாதி என்று கேட்டால் இப்போது எனக்கே குழப்பம்.

"எழுதுங்க அண்ணே, பரவால்ல," என்றார். "ஆனா என்ன ரொம்ப நல்லவளா எழுதிறாதீங்க. தெரிஞ்சவங்க சிரிப்பாங்க."

இன்னொன்று. கடையில் அவரை நான் மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். கதைக்குள் வந்துவிட்டால் டோரிஸ் 'அவள்' ஆகிவிடுவாள், அவள் கணவர் மார்கஸ் 'அவன்' ஆகிவிடுவான். கதைக்குள், நடுவரைத் தவிர, என்னைவிட வயதில் மூத்தவர் யாரும் கிடையாது. வெளியே வந்ததும் மறுபடி வணக்கம் வைத்துக்கொள்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

டோரிஸின் விரல்கள் தையல் இயந்திரத்தின் மேல் நடனமா

அங்கேயே நிறுத்திவிட்டேன். நடனமாடும் விரலை ஊசி சும்மா விடாது.

இரண்டாவது தொடக்கம்:

காஸ்வேயில் அன்று வழக்கத்தைவிட நெரிசல். மகளின் போட்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியுமா என்று மார்கஸ்

இதுவும் வேண்டாம். ஜொகூரில் எழுதப்படும் கதைகளில் பாதியில் யாராவது ஒருவர் சிங்கப்பூர் எல்லைப் பாலமான காஸ்வேயில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார். மார்கஸ் சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறான் என்றாலும், அன்றைக்கு விடுப்பு எடுத்து, எல்லாருக்கும் முன்னால் மண்டபத்துக்கு வந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தான். அவனை வைத்துப் பதற்றம் கிளப்ப வழியே இல்லை.

மூன்றாவது தொடக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

ஷர்மைனுக்குப் பதினைந்து வயது. ஜொகூர் பாருவில் ஓர் இளையோர் அமைப்பு நடத்திய போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தானே வெட்டி, தானே தைத்த உடையைத் தானே போட்டுக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும். தலைப்பு: ஓபன் ஹவுஸுக்கு ஓர் உடை. பண்டிகை நாளில் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பதுதான் ஓபன் ஹவுஸ்.

"பெருநாள், தீபாவளி, சைனீஸ் நியூ இயர், கிறிஸ்மஸ், எல்லா வீட்டுக்கும் ஒரே டிரெஸ் மா," என்றாள் ஷர்மைன். பச்சை நிறத்தில், கையும் கழுத்தும் மூடிய நீள உடை. பக்கவாட்டில் வெளியே தெரியாத பெரிய பாக்கெட்.

"இவ்ளோ பெரிய பாக்கெட் எதுக்கு?"

"காசு போட்ட அங்பாவ் உறை வைக்கத்தான்லா மா."

போட்டிக்கு முன்பு பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். தலைமை நடுவர் யோகேஸ்வரி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஊசியில நூல் கோக்குறதுகூட பிள்ளைங்கதான். மேடையில உடுப்ப உள்பக்கம் திருப்பிப் பாப்போம், கேள்வி கேப்போம். அம்மா கை பட்டது தெரிஞ்சா, பிள்ள போட்டியில இல்ல. அப்புறம் எங்கமேல கோவிச்சுக்கக் கூடாது."

எல்லா அம்மாக்களும் தலையாட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாக ஆட்டியது டோரிஸின் தலைதான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷர்மைன் தைத்ததில் எல்லாம் ஒழுங்காக வந்தது, முதுகு ஜிப்பைத் தவிர. மூடினால் பல் வெளியே தெரியாத வகை ஜிப் அது. பழகிய கைக்கே கொஞ்சம் தண்ணி காட்டும். கழுத்திலிருந்து இடுப்புவரை சாதுவாக வந்து, இடுப்புக்குக் கீழே நெளிந்துகொண்டு நின்றது.

"கொஞ்சம் நெளியுது. பரவால்லையா மா?"

"பரவால்ல," என்றாள் டோரிஸ். அது சுத்தப் பொய். ஊரில் யார் யாருக்கோ ஜிப் மாற்றிக் கொடுத்தே பிழைக்கிறவள் அவள். பேருந்தில் முன்னால் நிற்கும் பெண்ணின் முதுகில் ஜிப் நெளிந்தாலே, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுகிற ஆள்.

4

சனிக்கிழமை மதியம். நடைப் பயிற்சிக்காக ஷர்மைன் மண்டபத்துக்குப் போயிருந்தாள். டோரிஸ் இஸ்திரி போடத்தான் உடையை எடுத்தாள். சத்தியமாக அதற்குத்தான் எடுத்தாள். மேசையில் விரித்தாள், நீவினாள், அந்த நெளிவு கண்ணில் பட்டது. கை சும்மா இருக்கவில்லை. நூல் பிரிக்கும் கருவி எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. மார்கஸ் வரவேற்பறையில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளை வருவதற்குள் ஜிப் பிரிந்து, திரும்பவும் ஏறி, கோடு போட்டது போல நின்றது.

டோரிஸுக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணில் விழுந்த தூசியை எடுத்தாற்போல ஒரு நிம்மதி. இஸ்திரிப் பெட்டி ஆறுவதற்குள் அந்த நிம்மதியும் ஆறிவிட்டது.*

ஷர்மைன் வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன் முதுகைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இஸ்திரி போட்டீங்களா மா?"

"ம்ம்."

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான். இஸ்திரியில்தான் நெளிவு போய்விட்டது என்று பிள்ளை நம்பிவிட்டாள் என டோரிஸ் நினைத்தாள். நினைத்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. நடுவர் கேட்டால் பிள்ளை பச்சைக் குழந்தை மாதிரி 'நான்தான்' என்று சொல்லப்போகிறாள். தொழில் தெரிந்தவர் யோகேஸ்வரி. எது பழகிய கை, எது பழகாத கை என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்ற பேர் யாருக்கு வரும்? ஷர்மைனுக்கு. உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டாலோ, பிள்ளை தெரிந்தே பொய் சொல்ல வேண்டும், இல்லை போட்டியிலிருந்து விலக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஷர்மைன் பெரிய பையோடு கிளம்பினாள். "லோஷினி வீட்டுக்குப் போறேன் மா. ஹீல்ஸ் போட்டு நடந்து பழகணும்." லோஷினி அவளுடைய பள்ளித் தோழி. போட்டியன்று மேடைக்குப் பின்னால் உடை மாட்டிவிடப் போகிறவளும் அவள்தான். டோரிஸ் சரி என்றாள். உடையை மாட்டியிருந்த அலமாரிப் பக்கமே அன்று முழுக்கப் போகவில்லை. பார்த்தால் குற்றம் செய்த கை ஞாபகம் வந்தது.

* டோரிஸைப் பொல்லாத அம்மாவாக எழுதிப் பார்த்தேன். பரிசு வெறி பிடித்தவள், மகளை வைத்துப் பெருமை தேடுபவள் என்றெல்லாம். இரண்டு பக்கம் ஓடியது, நன்றாகவே ஓடியது. பிறகு கால்சட்டையைத் திரும்ப வாங்கப் போனேன். இடுப்பில் நான் கேட்டதற்கு மேலேயே கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தார். "தீபாவளி வருது அண்ணே," என்றார். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

5

போட்டி நாள். ஷர்மைன் மேடைக்கு வந்தாள். நடை நன்றாக இருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. மார்கஸ் கைப்பேசியில் படம் எடுத்தான். டோரிஸ் மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். ஷர்மைன் முதுகைக் காட்டித் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். கைப்பைக்குள் செபமாலை அவள் விரலில் சிக்கித் தவித்தது.

நடந்து முடித்ததும் ஷர்மைன் நடுவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். யோகேஸ்வரி பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தார். கீழ் மடிப்பைப் புரட்டினார். ஜிப்பின் ஓரத்தை உள்பக்கம் திருப்பி நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை எடுத்தார்.

"இதுல உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது எது மா?"

"ஜிப், மிஸ்."

"யாரு வச்சது?"

"நான்தான், மிஸ்."

6

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

[அ] யோகேஸ்வரி கண்டுபிடித்துவிடுகிறார். மண்டபம் அமைதியாகிறது. ஷர்மைன் அழுதுகொண்டே இறங்குகிறாள். இதை எழுதினால் வாசகர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்குத் தூக்கம் வராது.

[ஆ] யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஷர்மைனுக்கு முதல் பரிசு. கோப்பை வரவேற்பறை அலமாரியில் ஏறுகிறது. துடைக்கும்போதெல்லாம் டோரிஸுக்கு

வேண்டாம். அதை அவள் எத்தனை வருடம் துடைப்பாள்?

[இ] டோரிஸ் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், "என் மக இல்ல, நான்தான் வச்சேன்," என்று சொல்லிவிடுகிறாள்.

இந்த மூன்றாவது என் கற்பனை என்றுதான் நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். டோரிஸிடம் சொன்னபோது, வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "எழுந்துட்டேன் அண்ணே. பாதி எழுந்துட்டேன்."

ஆமாம், பாதி எழுந்துவிட்டாள். கைப்பை மடியிலிருந்து நழுவியது. வாய்கூடத் திறந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து யோகேஸ்வரி, "நன்றி மா, போலாம்," என்றார். ஷர்மைன் திரும்பினாள். கண்ணை மூட டோரிஸுக்கு அவகாசம் இல்லை. மேடை விளக்கு மகளின் முதுகில் நேராக விழுந்தது.

இடுப்புக்குக் கீழே ஜிப் நெளிந்திருந்தது.

கொஞ்சநஞ்சமாக இல்லை, கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்கு. டோரிஸ் வைத்த ஜிப் அது இல்லை. அவளுடைய கையைக் கட்டிப் போட்டாலும் அப்படி ஒரு ஜிப் வராது. அது முழுக்க முழுக்க ஷர்மைன் வைத்தது.

டோரிஸ் பொத்தென்று உட்கார்ந்தாள். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று. சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது, கண்ணில் நீர் முட்டும்வரை வந்தது.

"ஏன் சிரிக்கிற?" என்றான் மார்கஸ், படம் எடுப்பதை நிறுத்தாமல்.

"ஜிப் நெளியுதுங்க."

"அலமாக். அதுக்குப் போய் யாராச்சும் சிரிப்பாங்களா?"

7

அந்தச் சனிக்கிழமைக்கும் போட்டிக்கும் இடையில் என்ன நடந்தது என்று டோரிஸுக்கும் முழுதாகத் தெரியாது. கடையில் ஒருநாள் ஷர்மைனைப் பார்த்துக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அன்று மாலை குரல் செய்தி அனுப்பினாள். கீழே இருப்பது அதுதான்:

"அங்கிள், கண்ணாடில பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சி, அம்மா தச்சதுன்னு. கழட்டி உள்ள பாத்தேன், நூலும் மாறியிருக்கு. எனக்கு நூல் முடிஞ்சிபோய் கொஞ்சம் டார்க் கிரீன்ல தச்சிருந்தேன். இது கரெக்ட்டான கிரீன்லா. கோவம் வந்துச்சி. ஆனா கேட்டா அம்மா மொகம் எப்படி ஆகும்னு யோசிச்சேன். சோ, லோஷினி வீட்டுல பிரிச்சிட்டு திரும்ப நானே வச்சேன். மொத வச்சதவிட மோசமா வந்துச்சி. அழு... இல்ல, அழல, அத எழுதாதீங்க. ஆனா மேடையில 'நான்தான்'னு சொல்லும்போது வாய் தடுக்கல. அது போதும்லா."

இதை முதல் பிரதியில் நான் இப்படியா வைத்திருந்தேன்? இல்லை. நல்ல தமிழாக்கி, 'தாயின் அன்பு', 'என் உழைப்பு' என்று இரண்டு இடத்தில் மெருகேற்றி, கண்ணீரையும் ஒழுங்காக வழிய விட்டிருந்தேன். வழவழவென்று வந்திருந்தது. அடுத்த நாள் வாசித்தபோது அந்தப் பிள்ளையின் குரல் அதில் எங்கேயும் இல்லை. வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, அவள் சொன்னபடியே திரும்ப வைத்தேன். இப்போதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் காரில் நடந்த பேச்சு முழுவதும் இவ்வளவுதான். இதில் என் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

"லோஷினி வீட்டு மெஷின் சரியில்ல போல," என்றாள் டோரிஸ், ஜன்னலைப் பார்த்தபடி.



"ஆமா மா," என்றாள் ஷர்மைன். "நூல் கொஞ்சம் லூஸா ஓடுது."

"அடுத்த வாட்டி நம்ம மெஷின்லயே தை. நான் கடைக்குப் போயிடுறேன்."

மார்கஸுக்கு இன்றுவரை ஒன்றும் புரியவில்லை. அவன் வைத்திருக்கும் காணொளியில் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

8

பரிசு யாருக்கு என்று டோரிஸ் என்னிடம் சொன்னார். குண்டூசி இல்லாத வாயால் தெளிவாகவே சொன்னார். நான் இங்கே எழுதப்போவதில்லை. லாபிஸிலிருந்து வந்த தீபன் என்ற பையன் தைத்த மேல்கோட்டும் அருமையாக இருந்ததாம். முடிவு அறிவிக்கும் நேரத்திலேயே கதையை நிறுத்திவைக்கிறேன்: மேடையில் யோகேஸ்வரி ஒலிவாங்கியோடு நிற்கிறார். போட்டியாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஷர்மைன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். டோரிஸ் முடிவைப் பற்றிக் கவலையே இல்லாமல் கறிபாப் தின்கிறாள். காலையிலிருந்து அவள் சாப்பிட்ட முதல் வாய் அது.

இனி உங்கள் பாடு. ஷர்மைனுக்கே கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். தீபனுக்குக் கொடுத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உடையின் நிறத்தை மாற்றுங்கள், மண்டபத்தைப் பெரிதாக்குங்கள், வேண்டுமானால் மார்கஸைக் காஸ்வேயில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

ஜிப்பை மட்டும் தொடாதீர்கள்.