நாலு புள்ளி

எங்கள் வீட்டுப் பாசிக்கு என்னைக் கண்டால் இளக்காரம். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும், பிறகு வீட்டைச் சுற்றியும் போகிற சிமெண்ட் பாதையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவேன். அடுத்த மழைக்குப் பச்சைப்பசேலென்று திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். போன வருஷம் அப்பா அதில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நாலு கால் வைத்த ஊன்றுகோல்தான் அவருக்குத் துணை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போவதே பெரிய பயணம் என்பார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பிரஷ்தான்.

பாதையாவது பரவாயில்லை. புல்தரையில் புல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உரக்கடைக்காரர் அன்னபேதி உப்பு கொடுத்தார்.

"தண்ணில கரைச்சுத் தெளிங்க, பாசி கருகிடும். சிமெண்ட்ல மட்டும் பட்டுடக் கூடாது. துருக்கறை ஆயிடும், லேசுல போகாது."

செவ்வாய்க்கிழமை காலை பூவாளியில் கரைத்துப் புல்தரை முழுக்கத் தெளித்தேன். வேலைக்குக் கிளம்பும்போது, "புல்லுல யாரும் கால் வெக்கக் கூடாதுப்பா" என்றேன். டிவி அலறிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினார். எனக்கு ஆட்டினாரோ, செய்தி வாசித்தவருக்கு ஆட்டினாரோ.

சாயங்காலம் கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பாதை முழுக்க ஆரஞ்சு நிறக் காலடித் தடங்கள். திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். மூன்று பேர். ஒருவர் போட்டிருந்தது புது ஷூ. இன்னொருவரின் இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த நாளிலிருந்து என் தம்பி அப்படித்தான் நடப்பான். அவன்தான் வெளியூரில் இருக்கிறானே, லீவே கிடைக்கவில்லை என்று முந்தாநாள்கூட போனில் மூக்கால் அழுதானே? மூன்றாவது, தேய்ந்த செருப்பு. அதன் பக்கத்தில் நாலு புள்ளி, நாலு புள்ளி, நாலு புள்ளி.

தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். புல்லின் குறுக்கே மதில் மூலைக்குப் போயிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறார்கள். என் அறை ஜன்னலுக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும், கறை ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தது.

"யாருப்பா வந்தது?"

"யாரு வருவா? யாரும் வரல."

"தம்பி வந்தானா?"

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "உனக்கு யாரு சொன்னா?"

"உங்க ஊன்றுகோல் சொல்லுச்சு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வீட்டுக்கு ஒரு பார்ட்டி வந்திருக்கு. நல்ல பார்ட்டி. உங்கிட்ட சொன்னா குதிப்பேன்னு தம்பிதான் வேணாம்னான்."

"வித்துட்டு நீங்க எங்க இருப்பீங்க?"

"அவன் வீட்ல எனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கியிருக்கான்."

"நான்?"

அப்பா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆறுதல் சொல்கிற குரலில், "பாதையப் பாத்து வந்தவரு அசந்துட்டாரும்மா. ஒரு பொட்டுப் பாசி இல்லாம எவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொன்னாரு" என்றார்.

இந்த அப்பா விழக் கூடாது என்று முட்டி தேயத் தேய்த்த பாதை. அதிலேயே வழுக்காமல் நடந்துபோய் என் கூரையை விலை பேசியிருக்கிறார்.

மறுநாள் காலை தம்பி கூப்பிட்டான். "அக்கா, கோவப்படாத, நேர்ல வந்து பேசறேன். பாதைல ஏதோ கறையாமே, அப்பா சொன்னாரு. ஞாயித்துக்கிழம அவங்க குடும்பத்தோட வராங்க. அதுக்குள்ள கொஞ்சம் பாத்து வெச்சிடேன். உன்ன மாதிரி யாரால தேய்க்க முடியும்?"

"அதுக்கென்ன, பாத்துடறேன்" என்றேன்.

பையில் பாதி அன்னபேதி மிச்சம் இருந்தது. அத்தனையையும் பூவாளியில் கொட்டிக் கரைத்தேன். கேட்டில் ஆரம்பித்து வாசற்படி வரைக்கும் ஓர் அங்குலம் விடாமல் ஊற்றிக்கொண்டே வந்தேன்.

ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. "என்னம்மா ஊத்தற?"

"பாசிக்குப்பா."