மேலாக மொண்ட கரண்டி

ஓப்பல் ஸ்டிட்ஹம் வீட்டு அடுப்பின்மேல் இருந்த பாத்திரத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம். ஓப்பலைக் கேட்டால் இரண்டு கேலன்தான் கொள்ளும் என்பாள். அவள் பேச்சைக் கேட்காதீர்கள். அன்று அந்தப் பாத்திரத்தின் முன்னால் சூப்புக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏரியில் நான் பிடித்த கெளுத்தி மீன் என் படகை மூன்று மாவட்டம் தாண்டி இழுத்துப்போன கதையை இருபதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மீன் இரண்டாவது மாவட்டத்தின் எல்லையில் மூச்சு வாங்குவதற்காக நிற்கும் இடம் வந்திருந்தது.

"வாயை மூடிட்டு மொள்ளு ராய்ஸ்," என்றாள் ஓப்பல். "தபால் வண்டி போயிடும்."

மொண்டேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மூடினேன். மேலே தெளிந்து நின்ற எண்ணெய், தேன் நிறத்தில் அழகாக இருந்தது. மீன் கதையை முடித்தேன். ஓப்பல் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம், கென்டக்கியில், எல்லாரும் புகையிலை பயிரிட்டவர்கள். புகையிலை போன பிறகு ஹெம்ப் வந்தது. கஞ்சாவுக்குத் தம்பி முறையான செடி; அண்ணனைப்போலத் தலைக்கு ஏறாத, சாதுவான தம்பி. ஓப்பலும் புருஷன் விட்டுப்போன நிலத்தில் போட்டாள். செடியைச் சாறு எடுக்கிற இடத்துக்கு அனுப்பினால் சாலைக்குப் போடும் கீல் மாதிரி கறுப்பாக, கட்டியாக ஒரு ஜாடியில் திரும்பி வரும். அதைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துக் கையகல பாட்டில்களில் ஊற்றி, சனிக்கிழமைச் சந்தையில் தூக்கச் சொட்டு என்று விற்றாள். லேபிளில் எண் போடவேண்டும் என்றால் லேபுக்கு மாதிரி அனுப்பவேண்டும். மாதிரி எடுப்பதற்கு ஊரில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மாவட்டத் தண்ணீர் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன். குழாய் என்றால் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடி, குளம் என்றால் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் மொள் என்று அந்த வருஷங்களில் ஒரு லட்சம் பேருக்குச் சொல்லியிருப்பேன். மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே பதினாலாயிரம்தான் என்பது வேறு விஷயம்.

லேபிலிருந்து தாள் வந்தது. தூக்கம் தரும் சரக்கு, ஒரு சொட்டுக்குழாய்க்குப் பன்னிரண்டு மில்லிகிராம். போதை தரும் சரக்கு, கண்டறியப்படவில்லை. பன்னிரண்டு கம்மிதான் என்று ஓப்பலுக்கு வருத்தம். இரண்டாவது வரியைப் படித்ததும் சரியாகிவிட்டாள். அந்த வரிக்காகத்தான் டெல்மர் காத்துக்கொண்டிருந்தான்.

டெல்மர் ராட்லிஃப் பதினாலாம் நம்பர் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். அந்த வண்டி எவ்வளவு பழசென்றால், நோவா தன் பேழையில் அதையும் ஏற்ற நினைத்து, ஜோடி கிடைக்காததால் விட்டுவிட்டுப் போனான் என்று நான் சொல்வதுண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறும் பிள்ளைகளை டெல்மர் வாய்விட்டு எண்ணுவான். சாயங்காலம் இறங்க இறங்கத் தலைகீழாக எண்ணிக்கொண்டே வந்து, 'பூஜ்யம்' என்று சொன்ன பிறகுதான் கதவைப் பூட்டுவான். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எண்ணிக்கை தவறியதில்லை. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அவன் மனைவி நெவா தூக்கத்தில் இறந்தாள். இவன் பக்கத்தில் படுத்திருந்தான். நாலரைக்கு அலாரம் அடித்தது, எழுந்தான், அவள் எழவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். அந்த ஐந்து மணி நேரத்தை டெல்மரால் விழுங்க முடியவில்லை. "நான் குறட்டை விட்டுக்கிட்டு கெடந்திருக்கேன்யா," என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டு போகலாம்போல் இருந்தது. தூக்கமில்லாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் போவது எவ்வளவு ஆபத்தென்று எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். வண்டியை விட்டுவிடு என்று ஓப்பல் சொல்லிப் பார்த்தாள். "வீட்ல என்ன இருக்கு எனக்கு?" என்றான்.

சொட்டைப் பற்றிச் சொன்னபோது முதலில் பின்வாங்கினான். பேருந்து ஓட்டுகிறவர்களைத் திடீரென்று கூப்பிட்டு, கோப்பையைக் கொடுத்துச் சிறுநீர் கேட்பார்கள். போதைச் சரக்கு இருந்தால் அன்றோடு சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

"துளி இருந்தாலும் போச்சுய்யா," என்றான்.

"கண்டறியப்படவில்லைன்னு போட்டிருக்கான் பாரு."

"மாதிரி எடுத்தது யாரு?"

"ஐயாதான்," என்றேன்.

தாளை இரண்டு தடவை படித்தான். அவன் என் வார்த்தையை எதற்கும் நம்பியவனில்லை. மழை பெய்கிறது என்று நான் சொன்னால் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்ப்பான். ஆனால் மாதிரி எடுப்பது என் தொழில். தொழிலில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். தாளை நாலாக மடித்து, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, வெயில் மறைக்கும் தட்டில் செருகிக்கொண்டான்.

இனி ஓப்பல் செய்ததைச் சொல்லவேண்டும். அவள் வீட்டில் இலையுதிர் காலத்தில் ஆப்பிளைக் களி மாதிரி கிண்டி ஜாடிகளில் ஊற்றுவார்கள். பழம் அடியில் இறங்கும். மேலே இளகலாக இருப்பது விற்பனைக்கு. அடியில் கட்டியாக, வாசனையாகத் திரளுவதுதான் நல்லது. அதை விற்க மாட்டார்கள், வேண்டியவர்களுக்கு என்று எடுத்து வைப்பார்கள். அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். ஓப்பலும் எந்தப் பாத்திரத்தின் முன்னால் நின்றாலும் கை அதைத்தான் செய்யும். தூக்கச் சொட்டின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு பாட்டில்களுக்கு அச்சடித்த லேபிளும் போதவில்லை. அவற்றில் வெள்ளைத் தாளை ஒட்டி, தன் கோணல் கையெழுத்தில் எழுதினாள்: 'டெல்மருக்கு. நல்லாத் தூங்கு.' பன்னிரண்டு மில்லிகிராம் கம்மியாச்சே என்று, இரண்டு குழாயாகச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தாள்.

அவன் தூங்கினான். குளிர்காலம் முழுக்கத் தூங்கினான். கண்ணுக்குக் கீழே உருளைக்கிழங்கு காலியானது. கிறிஸ்துமஸுக்குப் பேருந்தின் பின்கண்ணாடியில் ஒரு பொம்மை மானைக் கட்டினான். நெவா இருந்தபோது கட்டுவது. ஓப்பலும் நானும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் காப்பி குடித்தோம். இந்த மாவட்டத்தையே நாங்கள் இருவரும் தூங்க வைத்துவிட்டதுபோல ஒரு மாதம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மார்ச் மாதம் அவனைக் கூப்பிட்டார்கள். கோப்பை கொடுத்தார்கள். நாலாம் நாள் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஓப்பல் சமையலறையில் உட்கார்ந்து, லேப்காரன் திருடன், கோப்பை மாறிப்போச்சு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கூடவே சொன்னேன். அலமாரியில் விற்காமல் மிஞ்சிய பாட்டில்கள் வரிசையாக நின்றன. முதலில் ஊற்றியது இடது கோடியில், கடைசியில் ஊற்றியது, டெல்மரின் பெயர் எழுதியது, வலது கோடியில். காலை வெயில் பின்னாலிருந்து பட்டது. இடது கோடியில் தேன் நிறம். வலது பக்கம் போகப் போகத் தேநீர் நிறம். கடைசியில் காப்பி.

அந்த வரிசையை எத்தனை மாதம் பார்த்திருக்கிறேன்.

இடது கோடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வலது கோடியில் ஒன்று என்று மூன்றை எடுத்து அதே லேபுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். சின்ன வயசுக் குரல்.

"சார், மூணும் ஒரே பாத்திரமா?"

"ஆமா."

"முதல் பாட்டில் பதினொண்ணு. நடுவுல முப்பது. கடைசி தொண்ணூத்தாறு சார். அதுல போதைச் சரக்கும் இருக்கு. கரையாம அடியில இறங்கியிருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "போன வருஷம் வந்த மாதிரியை எங்கேருந்து எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"மேலேருந்து."

"கலக்காமலா? எடுத்தவங்களுக்கு இந்த வேலையில பழக்கம் இல்லையா சார்?"

பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

விசாரணை பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் பாதி ஊர் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டெல்மர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். நெவாவின் இறுதிச் சடங்குக்குப் போட்ட அதே கோட்டு. மடித்த தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். கல்வி அதிகாரி ட்ருடி மெக்கின்ஸ் அதை முழுக்கப் படித்தாள். அவளும் பதினாலாம் நம்பரில் பள்ளிக்குப் போனவள்தான்.

"டெல்மர், லேபிள்ல என்ன போட்டிருந்தாலும் சட்டம் அதைப் பாக்காது," என்றாள் மெதுவாக. "உள்ள இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி. எப்படி உள்ள போச்சுன்னு கேக்க எங்களுக்கு அதிகாரமில்ல."

நான் எழுந்து நின்றேன். மூன்று பாட்டில்களின் எண்களைச் சொன்னேன். கீல் அடியில் இறங்கியதைச் சொன்னேன். பிறகு, "மாதிரியை நான்தான் எடுத்தேன். கலக்கலை. மேலாக ஒரு கரண்டி மொண்டேன். கதை சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றேன்.

என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் நான் சொன்னது அதுதான். எல்லா முகங்களும் என்னைப் பார்த்தபடி எதற்கோ காத்திருந்தன. இத்தனை வருஷப் பழக்கம். கதையின் வால் இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தார்கள்.

"அந்தக் கெளுத்தியும் பாத்திரத்துக்குள்ளதான் இருந்துச்சா ராய்ஸ்?" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. இறுக்கம் தாங்காமல் வந்த சிரிப்பு. ட்ருடிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். நண்பனுக்காகக் கிழவன் ஒரு கதை கட்டுகிறான், பாவம், என்று நினைத்திருப்பார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். டெல்மர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். மழை பெய்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்காமலே தெரிந்துகொண்டவன்போலப் பார்த்தான்.

வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், பதினாலாம் நம்பர் பேருந்து ஓரமாக நின்றது. டெல்மர் அதைப் பார்த்தபடி பொம்மை மானைக் கோட்டுப் பைக்குள் திணித்தான். கழற்றிக்கொள்ள விட்டிருந்தார்கள்.

"நாப்பது வருஷத்துல நீ சொன்னதுல நான் நம்புன முதல் விஷயம், மாதிரியை நீ எடுத்தேங்கிறதுதான்," என்றான்.

"டெல்மர்..."

"நம்பாமலே இருந்திருக்கலாம்யா."

அவன் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று என்னை என் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். சாவியை நான்தான் அவன் கையில் கொடுத்தேன். வளைவு வந்தபோதெல்லாம் பின்பக்கம் காட்டும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். பின்சீட்டில் யாரும் இல்லை.

ஆகஸ்டில் பள்ளி திறந்த அன்று காலை ஓப்பல் மறுபடி பாத்திரத்தை ஏற்றினாள். இனி செய்யப்போவதில்லை என்று கோடை முழுக்கச் சொன்னவள்தான். பக்கத்து ஊர்களில் தூங்காதவர்கள் நாலைந்து பேர் வந்து கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. எண்ணெயைச் சூடாக்கிக் கீலை விட்டு, அடியைத் தொடும் நீளமான மரக்கரண்டியை என் கையில் கொடுத்தாள். நாற்பது நிமிடம் கலக்கினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கலக்கினேன், நாற்பது. பிறகு மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று குப்பிகளில் மாதிரி எடுத்தேன். ஓப்பல் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே நிறம். மீதியைப் பாட்டில்களில் ஊற்றி வரிசையாக வைத்தோம்.

பின்வாசல் கதவு திறந்தது. டெல்மர். முகம் சவரம் செய்து, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. இன்னும் நாலரைக்குத்தான் எழுந்திருக்கிறான் என்று அந்தச் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. எழுந்தான் என்று சொல்வதும் சரியில்லை. கண்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

"இனிமே நான் குடிக்கலாம்ல," என்றான் ஓப்பலிடம். "யாரும் கோப்பையைக் குடுக்க மாட்டாங்க."

ஓப்பல் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தாள் வரட்டும் டெல்மர். லேபுக்கு இன்னும் அனுப்பவே இல்ல."

"தாளு எனக்கு எதுக்கு."

ஓப்பல் முதலில் ஊற்றிய பாட்டிலை எடுக்கப்போய், கையை இழுத்து, கடைசிப் பாட்டிலின் பக்கம் போய், அங்கிருந்தும் இழுத்துக்கொண்டாள். எதை எடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. டெல்மரே வந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டான். லேபிள் ஒட்டாத பாட்டில். ஜன்னலோரம் போய் நின்று அதைக் குலுக்க ஆரம்பித்தான்.

பாட்டிலைக் குலுக்கிப் பயனில்லை, கலக்கவேண்டியது பாத்திரத்தைத்தான் என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

சாலையில் பதினாலாம் நம்பர் வந்தது. புது ஓட்டுநர், ஏற்றத்தில் தேவைக்கு மேல் வேகம் கொடுத்தான். எதிரே கூம்ஸ் வீட்டு வாசலில் நின்றது. பிள்ளைகள் ஏறும்போது எரியும் அதன் சிவப்பு விளக்கு சமையலறைச் சுவரில், ஓப்பலின் முதுகில், டெல்மரின் கையிலிருந்த எண்ணெயில் விட்டுவிட்டு எரிந்தது. அவன் பாட்டிலைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது.

"நாலு," என்றான்.

விளக்கு அணைந்து வண்டி நகர்ந்தது. எண்ணெய்க்குள் குமிழிகள் ஏறுவதும் உடைவதுமாக இருந்தன. அவன் குலுக்குவதை நிறுத்தவில்லை.