வெறும் வயிறு

எஸ்டேட்காரர்களிடம் போய் "வெறும் வயிறா?" என்று கேட்பதைப் போல வெட்டி வேலை வேறில்லை. மூணாறு மலையில் பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்த வயிறும் வெறும் வயிறுதான். இது டாக்டர் முனீஸ்வரனுக்குத் தெரியும். மேல்வாய்ப் பிளவைத் தைக்கும் அண்ணப்பிளவு ஆபரேஷனை அவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கொச்சியிலிருந்து வந்துபோகும் டாக்டர் ஜின்சிக்குத் தெரியாது.

ஜின்சி அவரைவிட ஏழு வயது சின்னவர். ஒரு வருடமாக மாதம் இரண்டு நாள் மலையேறி வந்து, அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கற்றுக்கொடுத்தார். இன்று முனீஸ்வரன் தனியாகச் செய்ய வேண்டும். ஜின்சி பார்த்துக்கொண்டு நிற்பார். இது நல்லபடியாக முடிந்தால் மலைப் பிள்ளைகள் இனி இதற்காகக் கொச்சிக்கு அலைய வேண்டாம்.

கொழுந்து கிள்ளும் சின்னத்தாயி தன் ஒன்றரை வயது மகளோடு வந்திருந்தாள்.

"ராத்திரிக்கு அப்புறம் குட்டிக்கு ஒண்ணும் கொடுத்தில்லல்லோ?" என்று கேட்டார் ஜின்சி.

"ஒண்ணுமே குடுக்கல டாக்டர். வெறும் வயிறு."

ஜின்சி தாளில் டிக் அடித்துவிட்டார்.

"டீத்தண்ணி?" என்றார் முனீஸ்வரன்.

"அது மட்டுந்தான் சார். ஏழு மணிக்கு. ரொட்டிய நனைச்சு ரெண்டு வாய்."

ஜின்சிக்கு முகம் வெளிறிவிட்டது. மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தால் பிள்ளை பிழைப்பதே கஷ்டம். "கேன்சல் செய்யலாம் சாரே. அடுத்த மாசம் வரட்டும்."

அடுத்த மாசம்! பத்து வயதில் இதே சொல்லை முனீஸ்வரன் கேட்டிருக்கிறார்.

அப்போது சித்திரபுரத்து எஸ்டேட்டின் லயத்து வீட்டில் பொழுது விடிவதே டீ வாசனையில்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்திலும் அம்மா ஆளுக்கொரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். அவரும் தங்கை வேலுத்தாயும் சூட்டு டம்ளரைக் கன்னத்தில் உருட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அண்ணம் பிளந்திருந்ததால் பாதி டீ மூக்கு வழியே வந்துவிடும். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவே இல்லை.

ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போன அன்று, ஐந்து வயது வேலுத்தாய் பசியில் அழுதாள். அம்மா சீட்டு வரிசையில் நின்றாள். மனசு கேட்காமல் முனீஸ்வரன் கடையில் டீ வாங்கிப் புகட்டிவிட்டார். ஆபரேஷன் மேசையில் அது வாந்தியாக வந்து, பிள்ளை செத்துப் பிழைத்தாள். அடுத்த மாசம் வரச் சொன்னார்கள். அப்பா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாகும்வரை அந்த டாக்டரைத்தான் திட்டினார். வேலுத்தாயின் பதினெட்டு வயதில் ஒருவழியாக அண்ணத்தை அடைத்தார்கள், காலம் கடந்துவிட்டதால் பேச்சு மட்டும் திருந்தவில்லை. டீ கொடுத்தது யாரென்று முனீஸ்வரன் வாய் திறந்ததே இல்லை.

"கேன்சல் வேண்டாம் ஜின்சி. கடைசி கேஸா ஒன்றரை மணிக்கு வைப்போம், சாப்பிட்டு ஆறு மணி நேரம் தாண்டிடும். இவங்க எஸ்டேட்டுக்குப் போயிட்டா திரும்ப வரமாட்டாங்க."

ஜின்சி யோசித்துத் தலையாட்டினார். பசியில் வீறிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முனீஸ்வரன் வராந்தாவில் நடந்தார். ஒரு வாய்கூடக் கொடுக்கவிடவில்லை.

ஒன்றரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்தார். ஜின்சி ஒரு தையலுக்கும் குறுக்கே பேசவில்லை. கையுறையைக் கழற்றும்போது, "இனி ஞான் வேண்டா சாரே" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் வேலுத்தாய்க்குப் போன் போட்டார்.

"தாயி, அன்னைக்கு மதுரைல உனக்கு டீ குடுத்தது நான்தான். என்னாலதான் உன் பேச்சு..."

அவள் தான் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் இரைச்சலைவிட்டுத் தள்ளி வந்து பேசினாள்.

"குடிச்சவளுக்குத் தெரியாதாண்ணே?" சொற்கள் மூக்கு வழியாக வந்தன. அவருக்கு ஓர் எழுத்தும் தப்பவில்லை. "அப்பா உன்னய அடிச்சே கொன்னுருவாருன்னுதான் நானும் சொல்லல."