ரபாயேலின் படங்கள்

ரவூப் மேல்தான் எனக்குச் சந்தேகம். வேறு யார் மேல் வரும்? மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவனுடைய நெட் கடையில்தான் என் மகன் ரபாயேலின் படங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தேன். இன்றைக்குத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறது, காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது, எங்கள் கல்யாணப் படம்கூட இருக்கிறது. மகனை மட்டும் காணோம்.

ரபாயேல் கிளிநொச்சியில் கல்யாணம் முடித்து அங்கேயே கராஜ் வைத்திருந்தவன். சண்டை முடிந்து ஒரு மாதமாகிறது, உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. வவுனியா அகதி முகாம்களுக்குப் போகும் கோவில் சிஸ்டர் ஒருவர், "ஒரு படம் தாங்க டீச்சர், ஆளுங்ககிட்ட காட்டிக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். நாளைக்குக் காலையில் அவர் புறப்படுகிறார்.

கடதாசிப் படங்கள் எங்கே என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் ஊர் அலுவிகாரையில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. புலிகள் கையில் இருந்த வன்னியில் இருக்கிறவனின் படம் அகப்பட்டால் வம்பு என்று எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். நான் மட்டும் கெட்டிக்காரி, ஸ்கேன் பண்ணி ஏற்றிவிட்டு எரித்தேன்.

பாஸ்வேர்ட் எனக்கும் என் வீட்டுக்காரர் ஒஸ்வல்டுக்கும்தான் தெரியும். அவருக்கு மவுஸைப் பிடிக்கவே வராது. நான் தட்டும்போது ரவூப் எட்டிப் பார்த்திருப்பான். போன கிழமை என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போனானே, அது சும்மாவா?

"டேய் ரவூப், படங்கள எவன்கிட்ட குடுத்த?"

என்னிடம் படித்த பயல்தான். எழுந்து நின்றான். "யாருக்கும் குடுக்கல்ல டீச்சர்."

"அப்ப தானா பறந்து போச்சா? ஒன் முழியே சரியில்ல. திருப்பி எடுத்துக் குடு."

"எடுக்க ஏலா டீச்சர், முழுசா அழிஞ்சிட்டு." அவன் வாசலை ஒரு தடவை பார்த்தான். "ஒஸ்வல்ட் ஐயாகிட்ட கேளுங்க. நான் வாக்குக் குடுத்திட்டன்."

வீட்டுக்கு வந்தபோது ஒஸ்வல்ட் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டானா?" என்றார். "மாசி மாசம் பக்கத்து வீட்டுப் பையனோட போனைப் பொலிஸ் நோண்டி, அதுல இருந்த ஒரு படத்துக்காக அவனக் கூட்டிட்டுப் போனாங்கல்ல. அடுத்தது நீதான்னு பயந்துட்டேன் மார்ஜரி. ரவூப் வேணாம்னான். நான்தான் கெஞ்சி அழிக்கச் சொன்னேன்."

பாவி மனுஷன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, கூடவே படுத்து எழும்புகிற ஆளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. கையில் கிடைத்ததைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் பொழுது சாயப் பார்த்தது.

"எங்கயாவது ஒரு படம் இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ஒன்னு இருக்கு. வன்னிப் பாதை பூட்டுறதுக்கு முந்தி, கடைசியா அவன் நத்தார் பண்டிகைக்கு வந்தப்ப சோதனைக்கு வந்த பொலிஸ்காரங்க, நம்ம மூணு பேரையும் வாசல்ல நிக்க வச்சு ஒரு படம் புடிச்சாங்களே. அவங்ககிட்ட இருக்கும்."

கோவிலுக்குக் கட்டும் சேலையை எடுத்துக் கட்டினேன். அவருடைய செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டேன்.

"சிங்களத்துல நீங்க பேசுங்க," என்றேன். "அழாமப் பேசுங்க."