டிக்கிக்குள் தாய்மாமன் சீர்

கார் டிக்கிக்கு மூடுதுணி வாங்கப் போன குருவையாவிடம் கடைக்காரர் அளவு கேட்கவில்லை. என்ன வண்டி என்றும் கேட்கவில்லை.

"யார் கண்ணுக்குத் தெரியக் கூடாது?" என்றுதான் கேட்டார். எல்லாக் கடையிலும் அப்படித்தான் கேட்பார்கள்.

"திருடன் கண்ணுக்கு."

"திருடனுக்கு மட்டும்னா சாதாத் துணி போதும். ஆனா எவன் திருடன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு அண்ணாச்சி?"

குருவையா யோசித்தார். சந்தேகப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. டயருக்குக் காற்றுப் பிடிக்கிறவன், டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவன், தங்கச்சி மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா என்று ஒவ்வொரு முகமாக வந்துபோனது. ஒருத்தர் முகமும் சரியாக இல்லை.

"யார் கண்ணுக்குமே தெரியக் கூடாது."

"ஒங்க கண்ணுக்கு?"

"இந்தக் காலத்துல நம்மளையே நம்ப முடியலங்க."

கடைக்காரர் அப்போதுதான் அவரை மரியாதையாகப் பார்த்தார். உள்ளே போய்க் கறுப்புத் துணிச் சுருள் ஒன்றை எடுத்துவந்து மாட்டினார். இழுத்துக் கொக்கியில் கோத்ததும் டிக்கி முழுவதும் மூடிக்கொண்டது.

"இதைக் கழட்டணும்னா?"

"கழட்டணும்னு நெனைக்கிறவன்தானே அண்ணாச்சி திருடன்."

அது குருவையாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத மனுஷன். இருக்கிற ஒரே உறவு தங்கச்சி முனீஸ்வரி. அவள் மகள் கனிஷ்காவுக்கு மூன்று வயது. நாளைக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "ஒங்க அண்ணன் வெறுங்கையை வீசிட்டு வருவான் பாரு" என்று மாமியார் முனீஸ்வரியைக் குத்திக்கொண்டே இருந்தாள். அந்த வாயை அடைக்கத்தான் குருவையா பித்தளைக் குடம், பட்டுப்பாவாடை, பழத்தட்டுகள், தோடு, ஆளுயர மல்லிகை மாலை என்று அத்தனையும் வாங்கி டிக்கியில் அடுக்கினார். அடுக்கி முடித்துத் துணியை இழுத்து மூடினார்.

காலையில் கிளம்பி, பாதி வழியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முகத்தில் அப்படியொரு துக்கம்.

"வண்டி உங்களுதா? நான் இந்த ரோட்டுத் திருடன்."

"சொல்லுங்க."

"உள்ள ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி."

குருவையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "துணியத் தூக்கி நல்லாப் பாருங்க."

திருடன் தூக்கிப் பார்த்தான். "ரப்பர் விரிப்புதான் இருக்கு."

"கைய விட்டுத் துழாவலையா?"

"கண்ணால பாக்காத பொருள்ல நாங்க கை வைக்கிறதில்ல. எங்க போறீங்க?"

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன்."

"தாய்மாமனா? வெறுங்கையோடவா?"

"வெறுங்கையோடதான்" என்றார் குருவையா. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எந்த மண்டபம் என்று திருடன் கேட்டதற்கும் தாராளமாகப் பதில் சொன்னார்.

திருடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

மண்டப வாசலில் கார் நின்றதும் முனீஸ்வரி ஓடிவந்தாள். பின்னால் மாமியார். "தாய்மாமன் வந்துவிட்டார், சீர் இறங்கப்போகிறது" என்று மைக் அலறியது.

"எறக்குண்ணே. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காக."

குருவையா மீசையை நீவிக்கொண்டு துணியைத் தூக்கினார். ரப்பர் விரிப்பு இருந்தது.

கையை விட்டார். முழங்கை வரை காணாமல் போனது. ஆனால் குடம் கையில் தட்டுப்பட்டது. "இந்தா இருக்கும்மா குடம். ஜில்லுன்னு இருக்கு."

"சொன்னேன்ல" என்றாள் மாமியார். அவ்வளவுதான் சொன்னாள்.

முனீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னைய அசிங்கப்படுத்தவா இம்புட்டுத் தூரம் வந்தண்ணே?"

குருவையா கையை வெளியே எடுத்தார். இதற்குத் திருடனே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். "இரும்மா, உள்ள ஏறி ஒண்ணொண்ணா எடுத்துத் தாரேன்" என்று டிக்கிக்குள் ஏறிப் படுத்தார். துணி தானாகவே உருண்டுவந்து கொக்கியில் மாட்டிக்கொண்டது.

உள்ளே மல்லிகை வாசம் தூக்கியது. ஆனால் மாலை தெரியவில்லை. குடம் தெரியவில்லை. தன் கையும் அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் சொன்ன சொல் தவறாதவர்.

கொஞ்ச நேரம் கழித்து முனீஸ்வரி துணியைத் தூக்கினாள். அவர் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

"முனீஸ்வரி, இங்கதாம்மா இருக்கேன்."

நல்ல உயர்ந்த ரகத் துணி. சத்தத்தையும் வெளியே விடவில்லை.

"உள்ளயும் இல்லத்தே. போயிட்டாக" என்றாள் அவள். துணியை விட்டாள்.

அப்போதுதான் மேளம் கேட்டது. "வழி விடுங்க, சீர் வருது!" என்றது மைக். யாரோ திமுதிமுவென்று தட்டுகளை இறக்கினார்கள். குருவையாவுக்குக் குரல் பிடிபட்டது. ரோட்டுத் திருடன்.

"வர்ற வழியில மூடாத வண்டி ஒண்ணு நின்னுச்சும்மா. குடம், பாவாடை, தோடு எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது. எந்தப் புள்ளையோட தாய்மாமனோ, வெள்ளந்தி மனுஷன்."

"இன்னைக்கு நீங்கதாண்ணே எனக்கு அண்ணன்" என்றாள் முனீஸ்வரி. அவள் குரல் அப்படித் தெளிந்து குருவையா கேட்டதில்லை.

"பரவாயில்லையே" என்றாள் மாமியாரும்.

நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஆசாரியைக் கூப்பிட்டார்கள். குருவையா இருட்டில் கையை நீட்டித் தடவினார். குடம் இருந்தது. பாவாடை இருந்தது. தோட்டுப்பெட்டி இருந்தது. ஒரு பொருள்கூடக் களவு போகவில்லை. அவர் வாய்விட்டு அழுதார்.

மண்டபத்துக்குள் கனிஷ்கா "மாமா!" என்று வீறிட்டாள்.

"மாமா இங்கதான்டா தங்கம் இருக்கேன்" என்றார் குருவையா.

அதே நேரத்தில் திருடனும் அதையே சொன்னான். குழந்தை அழுகையை நிறுத்தியது.