ஐந்தாவது கால்

எழுந்ததும் மோட்டாரைப் போடுவான். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் நிறுத்துவான். கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றுவான். பால் பொங்கும்வரை அடுப்பின் முன்னாலேயே நிற்பான். டீயோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து போனைத் திறப்பான். டீ ஆறிப்போகும். குடிப்பான். குளிப்பான். பனியன் கம்பெனிக்குப் போவான்.

மனைவி ரைசா இறந்த பிறகு இலியாசின் காலைகள் இவ்வளவுதான்.

போனில் அவன் பார்ப்பது செய்தி அல்ல. மூக்கும் கைப்பிடியும் ஒரே பக்கத்தில் இருக்கிற டீக்கெண்டி. சுவரில் போய் முட்டி நிற்கிற மாடிப்படி. கதவே வைக்காத பால்கனி. விரல்களும் நகங்களும் வைத்துச் செய்த செருப்பு. உலகத்தில் எங்கோ ஒருவர் கிறுக்குத்தனமாகச் செய்ததை இன்னொருவர் படம்பிடித்துப் போடுகிற பக்கங்கள். ரைசாவுக்கு அவை உயிர். அவன் போனிலும் அவளேதான் சேர்த்துவிட்டிருந்தாள்.

அவள் இருந்தபோது அடுத்த அறையில் இருந்துகொண்டே அனுப்புவாள். ஊருக்குள் கண்ணில் படுவதையும் விடமாட்டாள். காதர்பேட்டையில் ஒரு கடை வாசலில் பனியன் மாட்டிய பொம்மைக்குத் தலையைப் பின்பக்கமாகத் திருகி வைத்திருந்தார்கள். அதை எடுத்து அனுப்பி, 'இவருக்குக் கடைக்காரரு மேல கோவம்' என்று எழுதினாள். பதிலுக்கு இவன் அனுப்பியது ஒரு கட்டைவிரல்.

"சிரிச்சாப் பல்லு கொட்டிப் போயிருமா மச்சான்?" என்பாள்.

"வேலையில இருக்கேன் ரைசா."

"ஒரு நாளைக்கி உங்களச் சிரிக்க வச்சே தீருவேன். எழுதி வச்சுக்கங்க."

இப்போதும் அவன் சிரிப்பதில்லை. கை பழக்கத்தில் அங்கே போகிறது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுதுவிட்டு அவிநாசிக்குப் போவான். அங்கே ரைசாவின் அம்மா ரஹ்மத்துன்னிசா தனியாக இருந்தார். சோறு போடுவார். அவன் கைகழுவி வந்து உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி வரும்.

"அவ கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

அன்று காலை அம்மாவைப் பார்க்கத்தான் அவள் ஸ்கூட்டியில் கிளம்பினாள். வழியில் டேங்கர் லாரி. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவில்லை. ஆகவே வீட்டு வாசலில் சொன்னதுதான் கடைசி. அதைக் கேட்டவன் இவன் ஒருவன்.

"ஞாபகம் இல்ல மாமி" என்பான்.

ஞாபகம் இருந்தது. ஒரு சொல் விடாமல் இருந்தது. ஆனால் அது ஒரு பூனையைப் பற்றியது. மகளைப் பறிகொடுத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வார்த்தையா அது? அல்லாஹ் பேரைச் சொன்னாளா, அம்மா என்றாளா என்று கேட்டு உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் மாமி கேள்வியை மாற்றினார். முகத்தைப் பார்க்காமல், ஈரத் துணியால் மேசையைத் துடைத்தபடி கேட்டார்.

"அன்னிக்கிக் காலைல ரெண்டு பேரும் சண்ட போட்டீங்களா? போட்டிருந்தாலும் சொல்லிரு. புருசன் பொண்டாட்டின்னா வராதா? நீ மறைக்கிறதாலதான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"அப்படியெல்லாம் இல்ல மாமி."

"அப்புறம் ஏன் சொல்ல மாட்டேங்குற?"

அவன் எழுந்து வந்துவிட்டான். இனி அந்த வீட்டுக்குப் போவதென்றால் பதிலோடு போக வேண்டும். இல்லையென்றால் போகவே கூடாது. மகளும் இல்லை, மருமகனும் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு வேறு யார் வரப்போகிறார்கள்?

இந்த வெள்ளிக்கிழமையும் மோட்டார், பால், டீ. போனைத் திறந்தான். மூன்று பேர் சேர்ந்தாற்போல உட்காரும் சைக்கிள் ஒன்று போனது. மீன் வடிவத்தில் ஒரு குளியல் தொட்டி போனது. அதன் பிறகு ஏதோ குளிர்நாட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற ஒரு சிறுமி. அந்தப் படத்தையும் தள்ளிவிட்டான். கட்டைவிரல் நின்றது. திரும்ப மேலே இழுத்தான்.

முதலில் அடையாளம் தெரிந்தது பூனை அல்ல, ஷேடு. அந்தச் சாம்பல் நிறத்துக்காகப் பிரிண்டிங்காரர்களை நான்கு தடவை திருப்பி அனுப்பியவன் அவன். சிறுமி போட்டிருந்தது அவனுடைய கம்பெனி டீ-ஷர்ட். நெஞ்சில் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்துபோகிறது ஒரு பூனை. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். 'காலை எண்ணிப் பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எண்ணினான். ஐந்து.

லேப்டாப்பைத் திறந்தான். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் அனுப்பிய படத்தில் பூனைக்கு நான்கு கால்கள். பிரிண்டிங்குக்கு இவன் அனுப்பிய படத்தில் ஐந்து. பின்னங்கால்களுக்கு நடுவே, அதே கோட்டில், அதே தினுசில், நடைக்குத் தகுந்தாற்போல மடங்கிய இன்னொரு கால். கடைசியாக அந்தப் படம் சேமிக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் பார்த்தான். அவள் கிளம்பிய அன்று காலை. அவன் குளித்துக்கொண்டிருந்த நேரம்.

கல்யாணத்துக்கு முன்னால் ரைசா ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனராக இருந்தவள். பூனைக்கு ஒரு கால் ஒட்ட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கம்பெனிக்குப் போனபோது முதலாளி வெள்ளியங்கிரியின் அறையில் ஏற்கெனவே கூட்டம். பிரிண்டிங் பொறுப்பாளர் பாண்டித்துரை, விருதுநகர்ப் பக்கத்துக்காரர், கையில் ஒரு சாம்பிள் டீ-ஷர்ட்டோடு வியர்த்து நின்றார்.

"வாங்க இலியாசு" என்றார் முதலாளி. "பூனைக்கு எத்தன காலுங்க?"

"நாலுங்க."

"நம்ம பூனைக்கு?"

பாண்டித்துரை முந்திக்கொண்டார்.

"சார், கலரு ஒத்துவருதான்னு பாத்தோம். கழுத்துல இருந்து எத்தன இஞ்சு எறக்கம்னு டேப்ப வச்சுப் பாத்தோம். தொவச்சுப் பாத்தோம், தேச்சுப் பாத்தோம். காலு எத்தனன்னு ஒரு பயலும் பாக்கலையே! அந்த வெள்ளக்காரனுந்தான ஓகேன்னான்?"

"அவனும் கலரத்தான் பாத்திருப்பான்" என்றார் முதலாளி. "இத்தன பேரு கையெழுத்துப் போட்டு, ஒருத்தனுக்கும் பூனையத் தெரியலீங்க. ஊட்டுல பூன வளக்கறீங்களா இல்லையா பாண்டித்துரை?"

"கோழிதான் சார்."

"அதுக்கு எத்தன காலுன்னாச்சும் தெரியுமுங்களா?"

அறையே சிரித்தது. முதலாளி லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினார். வேலை போகப்போகிறது என்றுதான் இலியாஸ் நினைத்தான். அதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் பையரின் மெயிலில் வேறு விதமாக எழுதியிருந்தது. சரக்கு முழுக்க விற்றுவிட்டதாம். அஞ்சுகால் பூனை இருக்கிறதா என்று கடைகடையாகக் கேட்டு வருகிறார்களாம். மறுபடியும் அதே டீ-ஷர்ட் வேண்டுமாம்.

"ஒரு காலும் கொறையக் கூடாதுன்னு எழுதியிருக்கானுங்க. அடுத்தது மொயலுக்கு மூணு காது வேணுமாம்" என்றார் முதலாளி. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இத வரஞ்சது ஆருங்க? அந்த ஆளக் கூப்புடுங்க, இன்னும் ரெண்டு படம் போடச் சொல்லோணும்."

"முடியாதுங்க."

"ஏனுங்? வேற கம்பெனிக்குப் போயிட்டாருங்களா?"

"ரைசாங்க" என்றான் இலியாஸ். "நான் குளிக்கப் போனப்ப, என் லேப்டாப்புல. விளையாட்டுக்குங்க."

டீ-ஷர்ட்டைக் கையில் தொங்கவிட்டிருந்த பாண்டித்துரை அதை மேசைமேல் வைத்து, சுருக்கத்தை நீவி, நான்காக மடித்தார். முதலாளி எழுந்து வந்து அதை எடுத்து இலியாசிடம் நீட்டினார்.

"இத நீங்க வச்சுக்கங்க கண்ணு."

ஜும்மா முடிந்து அவிநாசிக்குப் போனான். மாமி கதவைத் திறந்தார். அவன் வருவான் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவனுக்கும் சேர்த்துத்தான் சோறு வடித்திருந்தார். அவன் சாப்பிடுமுன் பையிலிருந்து டீ-ஷர்ட்டை எடுத்து மேசையில் விரித்தான்.

"யாருக்கு இது? சின்னப்புள்ள சட்டையா இருக்கு."

"பூனையப் பாருங்க மாமி. கால எண்ணுங்க."

மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். விரலை வைத்து எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விரல் அந்த மடங்கிய காலிலேயே நின்றுவிட்டது.

"இது அவ வேலையா?"

"ஆமா."

"அவங்க அத்தா போட்டோவுல ஆட்டுத்தாடி வரஞ்சு வச்சவ. அந்த மனுசன் மாசக்கணக்கா அதக் கவனிக்காமலே இருந்தாரு. இவ கதவுக்குப் பின்னால நின்னு நின்னு பாத்துக்கிட்டுக் கெடப்பா, எப்பச் சிரிப்பாருன்னு." மாமிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறொன்றாக மாறியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "நீ எப்பப் பாத்த?"

"இன்னிக்கிக் காலைலதான் மாமி."

"அன்னிக்கிப் பாக்கலையா?"

"இல்ல. அவசரத்துல கலரு மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டேன். அவ சொல்லிட்டுத்தான் போனா. நாந்தான் தலையத் தூக்காம ம்ன்னு மட்டும் சொன்னேன்."

மாமி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலியாஸ் பூனையின் ஐந்தாவது காலைப் பார்த்தபடி சொன்னான். வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைத் தலையில் வைக்குமுன் அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னான்.

"அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பூனைய ஒருக்கா நல்லாப் பாருங்க மச்சான். சிரிப்பு வரலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க."