பாலேஸ்வரி டீச்சரின் முறைப்பாடு

பாலேஸ்வரி டீச்சர் பாடசாலை உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடிக் கட்டடமொன்றின் முதலாம் மாடியில் தனியாக இருந்தார். முப்பது வருஷமாக ஒரே கட்சிக்குத்தான் வோட்டுப் போட்டார். கோயிலையும் குடும்பத்தையும் மதிக்கிற ஆட்கள் என்று நம்பியிருந்தார். அவர்கள் சந்திக்குச் சந்தி சாராயக் கடை திறக்க விட்டபோது, கோபத்தில் மற்றப் பெரிய கட்சிக்கு மாறினார். இவர்கள் வந்து அந்தக் கடைகளுக்குப் பக்கத்தில் பந்தயக் கடைகளைத் திறக்க விட்டார்கள்.

போன தை மாதம் அவருடைய கட்டடத்தின் கீழேயே ஒரு மசாஜ் நிலையம் வந்தது. கறுப்புக் கண்ணாடி, வாசலில் ஊதாநிற லைற். பக்கத்து அறையில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் அதை மூடச் சொல்லி ஒரு மனு எழுதி, வீடு வீடாகப் படியேறி ஐம்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினார்.

முதலில் கொள்ளுப்பிட்டிக்குப் போனார். ஆளுங்கட்சி அமைப்பாளர் தனஞ்சயன் ஒருகாலத்தில் அவரிடம் படித்தவன். எழும்பி நின்று வரவேற்றான்.

"டீச்சர், உந்தப் பேமிட் குடுத்தது நாங்கள் இல்லை. அவையள் ஆட்சியில இருக்கேக்க குடுத்தது."

"இப்ப நீங்கள்தானே இருக்கிறியள்? நிப்பாட்டுங்கோவன்."

"சட்டப்படி குடுத்ததை நாங்கள் எப்பிடி நிப்பாட்டுறது? எங்கட கட்சி சட்டத்தை மதிக்கிற கட்சி."

அடுத்த கிழமை எதிர்க்கட்சி அமைப்பாளர் யோகநாதனிடம் போனார். அவர் ஒளிக்கவில்லை. "குடுத்தது நாங்கள்தான். ஆனா இந்த வருஷம் புதுப்பிச்சது ஆர்? அவனிட்டப் போய்க் கேளுங்கோ." தேத்தண்ணி வந்தது. யோகநாதன் தன் கோப்பையை அந்த மனுவின் மேலேயே வைத்தார். "நீங்கள் பழைய ஆள், டீச்சர். கொழும்பு இப்ப உங்கட காலத்துக் கொழும்பு இல்லை."

ஐம்பத்தொரு கையெழுத்தின் நடுவில் வட்டமாக ஈரம் ஊறியதை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனுவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆடி மாதம் கோயில் திருவிழா. ஏழாம் நாள் செலவை ஏற்ற உபயகாரர் அந்த மசாஜ் நிலையத்தின் முதலாளி. பூசை முடிந்ததும் ஐயர் முதலாளிக்குக் காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்தார். முதலாளிக்கு ஒரு பக்கம் தனஞ்சயன், மறுபக்கம் யோகநாதன். அவர்களுக்கும் கிடைத்தது. தனஞ்சயனின் சால்வை நழுவ, யோகநாதன் அதை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுவிட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். டீச்சர் விபூதிகூட வாங்காமல் வெளியே வந்தார்.

மறுநாள் காலை பொலிசுக்குப் போன் எடுத்து அந்த நிலையத்தைப் பற்றி முறைப்பாடு சொன்னார். பிறகு ஒரு தொலைக்காட்சிக்கும் எடுத்தார். பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்: "வயது குறைந்த பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்களா?"

டீச்சருக்குத் தெரியாது. பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்தாறு வருஷம் முழங்காலில் நிற்க வைத்தவர் அவர். "இருக்கிறார்கள்" என்றார். தொலைக்காட்சிக்கும் அதையே சொன்னார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் கமராக்கள் வந்தன. பதினொரு மணிக்கு ஒழுங்கை நிரம்பியது. டியூஷன் பிள்ளைகள் மதிலில் ஏறி நின்றார்கள். நான்கு பெண்களைத் துவாயால் முகத்தை மூடிக் கூட்டிவந்தார்கள். பல்கனியில் நின்ற டீச்சருக்கு, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. நிருபர் ஒருவன் மூன்றாவது பெண்ணின் துவாயைப் பிடித்து இழுத்தான்.

அது ரதி. டீச்சரின் வீட்டில் ஆறு வருஷமாக வேலை செய்யும் அங்கம்மாவின் மகள். பத்தொன்பது வயதில் அவளுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடப் பழக்கியதே டீச்சர்தான். ரதி நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சரம்மா," என்றாள். "டீச்சரம்மா, சொல்லுங்க இவங்ககிட்ட."

கமரா ஒன்று மேலே திரும்பியது. டீச்சர் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார்.

சின்னப் பிள்ளைகள் யாரும் அங்கே இருக்கவில்லை. முதலாளியும் இருக்கவில்லை. அன்று பின்னேரமே தனஞ்சயனின் அறிக்கை வந்தது: கலாசாரச் சீரழிவுக்கு எதிராகத் தங்கள் அரசின் நடவடிக்கை. யோகநாதனின் அறிக்கையும் வந்தது: தங்கள் கட்சியின் தொடர் அழுத்தத்துக்குக் கிடைத்த வெற்றி. செய்தியில் ரதியின் பெயரும் தலவாக்கலையில் அவர்களின் தேயிலைத் தோட்டத்துப் பெயரும் இருந்தன.

மூன்றாம் நாள் அங்கம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

"துண்டு தொவைக்கத்தான் போனா டீச்சரம்மா. மாசம் முப்பதாயிரம் குடுத்தாங்க. நல்ல புள்ளைன்னு நீங்க ஒரு கடுதாசி குடுத்தா கோர்ட்டுல காட்டலாம்னு லோயர் சொல்றாரு."

"அங்க வேலை எண்டு எனக்கு ஏன் நீ சொல்லேல்லை?"

"சொன்னா என்னைய வேலைக்கு வச்சிருப்பீங்களா?"

வைத்திருக்க மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"உள்ளுக்கு என்ன நடந்தது எண்டு நான் கண்டனானே? தெரியாததுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது," என்றார் டீச்சர்.

"நீங்கதான் போன் பண்ணிச் சொன்னீங்கன்னு, பேசுனதைக் கேட்ட கீழ் வீட்டு பிறிஜெற் அக்கா சொல்லுது. சின்னப் புள்ளைங்க இருக்குன்னு சொன்னீங்களாமே. அது மட்டும் தெரிஞ்சிருந்துச்சா?"

டீச்சரின் முகம் சுட்டது. "நான் ரதியை நினைச்சுச் சொல்லேல்லை."

"இல்லீங்க, எங்களை நீங்க நினைக்கலைதான்." அங்கம்மாவின் குரல் உயரவில்லை. வீட்டுச் சாவியை வாசற்படியில் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

ரதிக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றது. வழக்கு முடிந்ததும் அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஆவணியிலேயே நிலையம் வேறு பெயரில் திறந்திருந்தது. கண்ணாடி அதே கறுப்பு.

மாநகர சபைத் தேர்தல் வந்தது. தனஞ்சயன் ஆட்களோடு வீட்டுக்கு வந்தான். பெண்களுக்காகக் குரல் கொடுத்தவர் என்று துண்டுப்பிரசுரத்தில் டீச்சரின் படத்தைப் போட அனுமதி கேட்டான். டீச்சர் கதவைச் சாத்தினார். அடுத்த நாள் யோகநாதன் வந்து அதையே கேட்டார். அவருக்குக் கதவைத் திறக்கவேயில்லை. தேர்தலன்று, இருபத்தொரு வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, வோட்டுப் போடாமல் இருந்தார். அதனால் எந்த மாற்றமும் வரவில்லை. வட்டாரத்தை இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று வென்றது.

அதற்கு அடுத்த கிழமை, கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறியபோது முன் சீற்றில் அங்கம்மா இருப்பதைக் கண்டார். பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். டீச்சர் போய்ப் பக்கத்தில் இருந்தார்.

"ரதி எப்பிடி இருக்கிறா, அங்கம்மா?"

அங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். வெறுமையான சீற்றுகளைத் தாண்டிப் போய், பின்கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை நின்றாள்.